பொட்டைக் காணோம்

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பழைய கடை வரிசையில் ஒரு படக் கடை. ஐசி என்கிற அடையாளக் கார்டுப் படம், பாஸ்போர்ட் படம், லேமினேட், கல்யாண ஆல்பம் எல்லாம் செய்வார்கள். இப்போது பழைய படங்களை ஸ்கேன் செய்து பெண்டிரைவில் போட்டும் தருகிறார்கள். போன மாதம் நான் அங்கே 212 படங்கள் கொடுத்தேன். நன்றாகச் செய்தார்களா என்று கேட்டால், நன்றாகத்தான் செய்தார்கள், இரண்டாவது தடவை. முதல் தடவை வந்ததைப் பார்த்து எங்கள் வீட்டில் சிரித்தவர்கள் பாதி, கோபப்பட்டவர் ஒருவர். அந்த ஒருவர் அம்மா. கடைப் பெயரைப் போடவில்லை. குறையும் சொல்லப்போகிறேன், நாளைக்குத் தவுக்கே, அதாவது கடை முதலாளி, முகத்திலும் விழிக்க வேண்டும்.

அம்மாவுக்கு இந்த வருடம் எண்பது. மண்டபம் எடுத்துச் செய்யலாம் என்று முடிவாகிவிட்டது. கிள்ளானில் இருக்கிற அக்கா, "பழைய படமெல்லாம் திரையில ஓடவிடணும், நீதான ஊர்ல இருக்க, நீ பாத்துக்க" என்று புலனத்தில் (வாட்ஸ்அப்) ஒரு குரல்பதிவோடு வேலையை முடித்துக்கொண்டாள். ஜொகூரில் இருக்கிற தம்பி கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். அவ்வளவுதான் அவன் பங்கு. நான் பள்ளி வேன் ஓட்டுகிறேன். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டால் மதியம் வரை கோப்பிக் கடைதான். ஆகவே என் தலையில் விழுந்தது நியாயம்தான்.

படங்கள் இருந்த இடம் இரண்டு. ஒன்று, கோங் குவான் பிஸ்கட் டின். இன்னொன்று, அப்பா எழுபதுகளின் கடைசியில் வாங்கிய மூன்று ஒட்டு ஆல்பங்கள். பக்கத்தில் பசைக் கோடுகள் இருக்கும், மேலே கண்ணாடித் தாள் இருக்கும், தூக்கிப் படத்தை வைத்து மூடினால் போதும். அந்தக் காலத்தில் அது பெரிய நாகரிகம். மூலை ஒட்டும் வேலை இல்லை. ஆனால் நாற்பது வருடத்தில் அந்தப் பசை மஞ்சளாகி, படத்தின் முதுகோடு கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தது. டின்னில் சும்மா கொட்டிக் கிடந்த படங்கள் பத்திரமாக இருக்க, ஆல்பத்தில் அழகாக வைத்தவைதான் பாழாகியிருந்தன. வீட்டிலேயே பிரிக்கலாம் என்று நகத்தைக் கொடுத்தேன். தம்பிக்கு மொட்டையடித்த படம் சரியாக அவன் தலைக்கு நடுவே கிழிந்தது. அதை இன்னும் அவனிடம் சொல்லவில்லை.

அப்படியே மூன்று ஆல்பத்தையும் டின்னையும் வேனில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனேன். கவுண்டரில் ஒரு தங்கச்சி, இருபத்து இரண்டு மூன்று வயது இருக்கும். நான் ஆல்பத்தைத் திறந்ததும், "அண்ணே, கை வெக்காதீங்கண்ணே" என்றாள். பல் இடுக்கில் விடுகிற நூலை எடுத்தாள். இரண்டு விரலில் சுற்றி, படத்துக்கும் அட்டைக்கும் நடுவில் நுழைத்து, ரம்பம் இழுப்பது போல மெதுவாக இழுத்துக்கொண்டே போனாள். சோப்பை நூலால் வெட்டுவார்களே, அதே மாதிரி. படம் முழுசாகக் கையில் வந்தது. ஒரு படத்துக்கு ஒரு நிமிடம் கூட ஆகவில்லை. வராததை வற்புறுத்தவில்லை. பக்கத்தோடு சேர்த்தே ஸ்கேன் செய்துகொள்ளலாம் என்றாள். இதற்குத் தனிக் காசு கேட்கவும் இல்லை. ஒரு படத்துக்கு 80 சென், அவ்வளவுதான்.

பத்து நாளில் பெண்டிரைவ் வந்தது. வீட்டில் டிவியில் குத்தி அம்மாவை உட்கார வைத்தேன். முதல் படம் அவர்கள் கல்யாணப் படம், 1967, கறுப்பு வெள்ளை. பளிச்சென்று, நேற்று எடுத்தது போல இருந்தது. நானே கடையை மெச்சிக்கொண்டேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுந்து டிவிக்குக் கிட்டே போனார்.

"ஏன்டா, என் பொட்டு எங்கடா?"

பொட்டு இல்லை. மூக்குத்தியும் இல்லை. கல்யாணப் பெண்ணின் நெற்றி கழுவித் துடைத்த மாதிரி இருந்தது. படத்தில் இருக்கிற தூசிப் புள்ளிகளைத் தானாக எடுத்துவிடுகிற மென்பொருள், அம்மாவின் குங்குமத்தையும் தூசி என்று நினைத்துவிட்டது. அப்பா போய்ப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. கல்யாணப் படத்திலேயே பொட்டை எடுத்துவிட்டால் அம்மாவுக்கு எப்படி இருக்கும்? ரிமோட்டை வாங்கி அவரே அணைத்துவிட்டார்.

ராத்திரி அவர் தூங்கின பிறகு மீதியைப் பார்த்தேன். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. அப்பா இருபது வருடத்துக்கு மேல் தோட்டத்தில் பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டிப் பால் எடுத்தவர், அவர் நிறம் எங்களுக்குத் தெரியும். படத்தில் ஏசி அறையில் உட்கார்ந்து கணக்கெழுதுகிற கிராணி மாதிரி வெளுத்திருந்தார். எண்பத்தேழு தைப்பூசத்தில் சித்தப்பா ஈப்போ கல்லுமலைக் கோயிலுக்குக் காவடி எடுத்தார். நாக்கில் அலகு குத்தி எடுத்த படம் ஒன்று உண்டு. அலகு மெல்லிய வெள்ளைக் கோடாகத்தான் படத்தில் தெரியும். அதைக் கீறல் என்று எடுத்துவிட்டது மென்பொருள். மிச்சம் இருந்தது என்ன? காவடியைத் தோளில் வைத்துக்கொண்டு நாக்கை நீட்டி யாரையோ கேலி செய்கிற சித்தப்பா. அதைப் புலனத்தில் அனுப்பினேன். அக்கா பத்து நிமிடம் சிரிப்புப் பொம்மையாகப் போட்டுத் தள்ளினாள். நாற்பத்தெட்டு நாள் விரதம் இருந்து எடுத்த காவடி.

மறுநாள் கடைக்குப் போய்க் கொஞ்சம் சத்தம் போட்டேன். அந்தத் தங்கச்சி முகம் சுருங்கிவிட்டது. "ஆட்டோ போட்டா கிளீனா வரும்ணே, எல்லாரும் அப்படித்தான் கேக்கறாங்க" என்றாள். உண்மையாகத்தான் இருக்கும். பழைய படம் புதுசாக வந்தால் யாருக்குத்தான் பிடிக்காது? ஆனால் ஆயிரம் படத்தை வரிசையாக ஓடவிட்டு, ஒரு முகத்தைக் கூட உற்றுப் பார்க்காமல் கொடுத்தது தப்புதான். இன்னொரு குறையும் சொன்னேன். படங்களின் முதுகை அவர்கள் ஸ்கேன் செய்யவே இல்லை. எங்கள் அப்பா எல்லாப் படத்தின் பின்னாலும் பென்சிலில் எழுதுவார். "தீபாவளி, லயம், மழை" என்று இருக்கும். லயம் என்றால் தோட்டத்து வரிசை வீடு. வருடம் எழுத மாட்டார். வருடத்தை விட்டுவிட்டு மழையை எழுதிய மனிதர்.

சத்தம் கேட்டு உள்ளே இருந்து தவுக்கே வந்தார். எழுபதைத் தாண்டிய சீனர். நான் கையில் வைத்திருந்த கல்யாணப் படத்தை வாங்கினார், முகத்தைப் பார்க்காமல் நேராக முதுகைத் திருப்பினார். அங்கே மங்கிய நீலத்தில் ரப்பர் முத்திரை. அவருடைய கடை முத்திரைதான். "இது எங்க அப்பா எடுத்த படம் தம்பி" என்றார். தமிழில்தான் சொன்னார், எங்களைவிடத் தோட்டத் தமிழில். சம்பள நாள் பார்த்து அவருடைய அப்பா சைக்கிளில் கேமராவைக் கட்டிக்கொண்டு தோட்டம் தோட்டமாக வருவாராம். படம் எடுத்து, அடுத்த சம்பளத்துக்குக் கொண்டுவந்து கொடுத்து, அப்போதுதான் காசு வாங்குவாராம். "எந்தத் தோட்டம்?" என்று கேட்டார். சொன்னேன். "ஆயாக் கொட்டகை பக்கத்துல பெரிய புளியமரம் இருந்துச்சே?" என்றார். வேலைக்குப் போகிறவர்கள் கைக்குழந்தைகளை விட்டுப்போகிற இடம்தான் ஆயாக் கொட்டகை. புளியமரம் இருந்தது. இப்போது அங்கே செம்பனை, பாமாயில் மரம்.

அதன் பிறகு எனக்குக் கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. காசு வாங்காமல் எல்லாவற்றையும் திரும்பச் செய்து தருகிறோம், இந்தத் தடவை ஒன்றையும் திருத்தாமல் இருக்கிறபடியே, முன்னும் பின்னும், என்றார். அந்தத் தங்கச்சி கூடவே கேட்டாள், "நெகடிவ் ஏதும் இருக்காண்ணே?"

இந்தக் கேள்விக்காகவே அந்தக் கடையைச் சிபாரிசு செய்வேன். நெகடிவ் என்று ஒன்று வீட்டில் இருப்பதே யாருக்கும் நினைவு இருக்காது. அவள் சொன்ன காரணம் எனக்குப் புதிது. எழுபது எண்பதுகளில் போட்ட நிறப் படங்களில் நீலப் பச்சைச் சாயம் இருட்டில் வைத்திருந்தாலும் மற்றச் சாயங்களுக்கு முன்னாலேயே மங்கிவிடும், சூடும் ஈரமும் சேர்ந்தால் இன்னும் வேகம். அதனால்தான் பழைய நிறப் படமெல்லாம் செம்மண்ணில் புரட்டிய மாதிரி ஆகிறது. கறுப்பு வெள்ளைப் படம் வெள்ளியால் ஆனது, அது தாக்குப்பிடிக்கும். அம்மாவின் 1967 படம் தெளிவாக இருக்க, தம்பியின் 1979 படம் சிவந்துபோனது இதனால்தான். நெகடிவ் பல சமயம் பேப்பர் படத்தைவிட நல்ல நிலையில் இருக்கும். இன்னொன்றும் சொன்னாள். கடைகளில் மிஷினில் படம் போடும்போது நாலு ஓரத்தையும் கொஞ்சம் வெட்டிவிடும். நெகடிவில் அந்த ஓரமும் இருக்கும்.

தேடினேன். பிஸ்கட் டின்னின் அடியில், சில்க் காகிதம் மாதிரி ஒரு உறையில் துண்டு துண்டாகச் சுருண்டு கிடந்தன. 31 படம். ஒன்றுக்கு 1 வெள்ளி (ரிங்கிட்) 50 சென். எல்லாம் சேர்த்து 216 வெள்ளி 10 சென் வந்தது. பத்து சென்னைத் தவுக்கே வாங்கவில்லை.

இரண்டாவது பெண்டிரைவ் வருவதற்கு மூன்று வாரம் ஆனது. வெள்ளிக்கிழமை என்றார்கள், அடுத்த செவ்வாய் என்றார்கள், மிஷின் சூடாகிவிட்டது என்றார்கள். இது குறைதான். ஆனால் வந்தது வேறு ரகம். அம்மாவின் பொட்டு இருந்தது. படத்தின் மேல் கரப்பான் கடித்த இடமும் இருந்தது. சித்தப்பாவின் அலகு திரும்ப நாக்கில் ஏறிவிட்டது. எழுபதுகளில் மேலே சொரசொரப்பாகத் தேன்கூடு மாதிரி இருக்கிற காகிதத்தில் போட்ட படங்கள் சில உண்டு. அதை ஸ்கேன் மிஷினில் வைத்தால் படம் முழுக்கப் புள்ளி மின்னும். அவற்றை மிஷினில் வைக்காமல், இரண்டு பக்கமும் விளக்கு வைத்துக் கேமராவில் எடுத்திருந்தாள். கேட்காமலே செய்தது. முதுகுகளும் இருந்தன: "தீபாவளி, லயம், மழை."

பெரிய தாத்தா பினாங்குத் துறைமுகத்தில் நிற்கிற படம் ஒன்று. 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் வேண்டும் என்று வந்ததே, அப்போது அவர்களுக்கான சிவப்பு ஐசியோடு இந்தியாவுக்குத் திரும்பியவர்களில் அவரும் ஒருவர். ரஜூலா கப்பலில் போனார். வழியனுப்பப் போனவர்கள் எல்லாரும் படத்தில் சிரிக்கிறார்கள், கேமராக்காரர் சிரிக்கச் சொல்லியிருப்பார். அவர் மட்டும் ஒரு டிரங்குப் பெட்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அவர் பிறகு வரவே இல்லை.

சரி, பினாங்குப் பெர்ரிக் கப்பலில் எடுத்த படத்துக்கு வருகிறேன். அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுத ஆரம்பித்தேன்.

எங்கள் குடும்பம் முழுசாக ஒரே ஒரு தடவைதான் சேர்ந்து வெளியூர் போனது, பினாங்குக்கு. சுங்கை சிப்புட்டில் ரயில் ஏறி பட்டர்வொர்த்தில் இறங்கினால் பெர்ரி பக்கத்திலேயே. காரையும் லாரியையும் அடியில் ஏற்றிக்கொண்டு போகிற பழைய பெர்ரி, 2020 கடைசியோடு நிறுத்திவிட்டார்களே, அது. போகும்போது மட்டும்தான் காசு, திரும்பி வரும்போது கிடையாது. "வர்றது ஓசி" என்று அப்பா அன்றைக்கு நாலைந்து தடவை சொன்னது எனக்கே ஞாபகம் இருக்கிறது. தண்ணீர்மலைக் கோயில், கொடிமலை ரயில், அப்புறம் கடற்கரையில் கட்டுச்சோறு. கிராணியிடம் கேமரா இரவல் வாங்கி வந்திருந்தார் அப்பா. பெர்ரியில் எடுத்த படத்தில் அம்மா, அக்கா, நான், அம்மா இடுப்பில் தம்பி. வலது ஓரத்தில் கம்பியைப் பிடித்திருக்கிற நாலு விரல் மட்டும் தெரியும். யாரோ ஒரு பயணி என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம்.

அந்தப் பயணம் எந்த வருடம் என்று எங்கள் வீட்டில் பல வருடச் சண்டை. அக்கா 1984 என்பாள், "நான் பாரம் டூ, பாலம் கட்டிக்கிட்டு இருந்தாங்க, தூணெல்லாம் பாத்தேன்" என்பாள். பாரம் டூ என்றால் இடைநிலைப் பள்ளியில் இரண்டாம் படிவம். பினாங்குப் பாலம் 1985இல்தான் திறந்தார்கள், கட்ட ஆரம்பித்தது 1982இல். ஆகவே தூணைப் பார்த்தது சரியாக இருக்கலாம், வருடம் அதனால் நிரூபணம் ஆகாது. அம்மா, "இல்லடி, மாமியா இருந்தாங்க, கூட வந்தாங்க" என்பார். மாமியா என்றால் எங்கள் அப்பாயி, அப்பாவைப் பெற்றவர். அப்பாயி இறந்தது 1983 சித்திரையில். "அப்பாயி வந்திருந்தா படத்துல எங்க?" என்று அக்கா கேட்பாள். அம்மாவிடம் பதில் இருக்காது.

அப்பாயிக்குப் படம் என்றாலே ஆகாது. படம் பிடித்தால் ஆயுசு குறையும் என்பார். கேமராவைக் கண்டால் முந்தானையை இழுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவார். அவர் முகம் எங்களிடம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, அதுவும் அவர் விரும்பிக் கொடுத்தது இல்லை. 1948 ஜூன் 16ஆம் தேதி இதே சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமாரைக் கம்யூனிஸ்டுகள் சுட்டுக் கொன்றார்கள். இரண்டு நாளில் மலாயா முழுக்க அவசரகாலம். அந்த வருடமே பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட எல்லாருக்கும் அடையாளக் கார்டு, அதில் படமும் கைநாட்டும் கட்டாயம். எத்தனையோ தோட்டத்து ஆட்களுக்கு வாழ்க்கையில் முதல் படம் அதுதான். அப்பாயி அதில் முறைத்துக்கொண்டு இருப்பார். ஆயுசைப் பிடுங்க வந்தவனைப் பார்க்கிற பார்வை. தபால்தலையை விடக் கொஞ்சம் பெரிசு.

பெர்ரி நெகடிவை டிவியில் போட்டேன். ஓரம் கொஞ்சம் கூடியிருந்தது, அதிகமில்லை, ஒரு விரல் அகலம் இருக்கும். நாலு விரலுக்குப் பின்னால் கட்டைவிரல் வந்தது, மணிக்கட்டு வந்தது, பச்சைக் கண்ணாடி வளையல் இரண்டு வந்தது. வளையலுக்கு மேலே, படம் முடிகிற இடத்தில், தோலில் கருநீலமாக ஒரு வளைவு. நான் அழுக்கு என்று நினைத்தேன்.

அம்மா மறுபடியும் எழுந்து போனார். இந்தத் தடவை டிவியைத் தொட்டே பார்த்தார்.

"தேளு" என்றார். "மாமியா கையில தேளு பச்ச குத்தியிருப்பாங்க. அது வாலு."

அக்காவுக்கு அப்போதே வீடியோ அழைப்புப் போட்டு டிவியைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அப்ப நான் ரிமூவ் கிளாஸா?" என்றாள். தமிழ்ப் பள்ளி முடித்து, பாரம் ஒன்றுக்கு முன்னால் படிக்கிற வகுப்பு அது.

முதல் தடவை ஓட்டிய அதே ஆட்டோவில் இந்த நெகடிவையும் ஓட்டியிருந்தால் தேளின் வால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் எனக்கு இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

போகிறவர்களுக்கு: சனிக்கிழமை போகாதீர்கள், பள்ளிக்கூடப் படம் எடுக்கிற கூட்டம். செவ்வாய், புதன் காலை நல்லது. கொடுப்பதற்கு முன்னால் எண்ணி, ஒரு தாளில் எழுதி, கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். எனக்கு வரிசை மாறித்தான் வந்தது. "ஒண்ணையும் திருத்தாதீங்க, முதுகையும் எடுங்க" என்று இரண்டு தடவை சொல்லுங்கள். ஒரு தடவை சொன்னால் மறந்துவிடுவார்கள். ஸ்கேன் 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) கேளுங்கள், 300இல் போட்டால் பெரிசாக்கும்போது உடைகிறது. அவர்கள் புலனத்தில் அனுப்புகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், அதில் வந்தால் படம் சுருங்கிவிடும். கார் நிறுத்த எதிர்ப்பக்கம் இடம் கிடைக்கும். தவுக்கே இருந்தால் படத்தின் முதுகைக் காட்டுங்கள், முத்திரை இருந்தால் அரை மணி போய்விடும், வேலை இருப்பவர்கள் யோசித்துக் காட்டவும்.

அம்மா அந்தக் கையை மட்டும் தனியாகப் பெரிசாக்கிக் கேட்டார். நேற்று கொண்டுபோய்க் கொடுத்தேன், எட்டுக்குப் பத்து, பிரேமோடு 28 வெள்ளி. அந்தத் தங்கச்சி கணினியில் பெரிசாக்கிப் பார்த்துவிட்டு, "அண்ணே, இந்தக் கறையை எடுக்கணுமா, விடணுமா?" என்று கேட்டாள்.

கேட்டாள், அதுவே போதும். விடச் சொன்னேன். வெள்ளிக்கிழமை தருகிறார்களாம்.